விமானம் தலையில விழுமோன்னு பயம். திரும்பி வர்ற ரோட்டுக்கு ஏன் பயமில்லை?



ஒரு சின்ன கேள்வியோட ஆரம்பிப்போம். ஏரோ இந்தியா பார்க்க தர்மபுரியிலிருந்து பைக்கில் கிளம்புறீங்க. கிருஷ்ணகிரி, ஓசூர் வழியா எலஹங்கா போக சுமார் 150 கிலோமீட்டர், வர இன்னொரு 150. நடுவுல ஒரு ரெண்டு மணி நேரம் உங்க தலைக்கு மேல விமானங்கள் குட்டிக்கரணம் போடுது. அந்த ஒரு நாள்ல உங்க உயிருக்கும் பர்ஸுக்கும் அதிக ஆபத்து எங்கே இருக்கு?

பத்துல எட்டுப் பேர் மேல கையைக் காட்டுவாங்க. ஆனா நடந்த சம்பவங்களை வரிசையா எடுத்துப் பார்த்தா, ஆபத்து பெரும்பாலும் கீழேதான் இருந்திருக்கு. ரோட்டில், வெயிலில், பார்க்கிங்கில்.

இன்னைக்கு நாம பார்க்கப் போறது இதைத்தான். ஏர் ஷோவை உதாரணமா வச்சுக்கிட்டு, நாம எந்த ரிஸ்க்கைப் பெருசா நினைக்கிறோம், எதைக் கண்டுக்கவே மாட்டேங்கறோம், அதனால நம்ம குடும்பத்துக்கு என்ன விலைன்னு பார்ப்போம். கடைசியில ஒரு செக் லிஸ்ட் இருக்கு. அரை மணி நேரத்தில் சரிபார்த்துடலாம்.

மெரினாவில் என்ன நடந்தது?

2024 அக்டோபர் 6, ஞாயிற்றுக்கிழமை. இந்திய விமானப்படையின் 92-ஆவது ஆண்டு விழாவுக்காக சென்னை மெரினாவில் ஏர் ஷோ. காலை 11 மணியிலிருந்து மதியம் 1 மணி வரை. ரஃபேல், தேஜஸ் உள்பட 72 விமானங்கள். கூட்டம் சுமார் 15 லட்சம்னு சொன்னாங்க.

அதில் ரெண்டு பேர் தாத்தா வயசு விமானங்கள்: டகோட்டாவும் ஹார்வர்டும். ரெண்டுமே இரண்டாம் உலகப்போர் காலத்து ரகம். இந்த டகோட்டாவுக்கு 'பரசுராமா'ன்னு பேர், வாலில் வி.பி. 905-ங்கற எண். 1947 அக்டோபர் 27 அன்னைக்கு ஸ்ரீநகருக்கு நம்ம ராணுவ வீரர்களைக் கொண்டுபோன டகோட்டாவின் எண் அது. அந்த நினைவா இதுக்கு வச்சிருக்காங்க. இங்கிலாந்தில் சரி செஞ்சு, 2018-ல் இந்தியாவுக்குப் பறந்து வந்தது.

இவ்வளவு பழைய விமானங்கள் பறந்தும், அன்னைக்கு வானத்தில் ஒரு அசம்பாவிதமும் இல்லை. ஆனா கீழே 5 பேர் இறந்தாங்க. நூத்துக்கும் மேற்பட்டவங்க மயக்கம், நீரிழப்புன்னு ஆஸ்பத்திரிக்குப் போனாங்க. உச்சி வெயில், தண்ணி கிடைக்காத தவிப்பு, ஷோ முடிஞ்சதும் ரயில் ஸ்டேஷன்களிலும் ரோடுகளிலும் நகர முடியாத நெரிசல்.

அன்னைக்கு வீட்டிலிருந்து கிளம்பும்போது "ஜாக்கிரதை, விமானம் பக்கத்துல போகாதே"ன்னு சொன்ன அம்மாக்கள் நிறைய பேர் இருந்திருப்பாங்க. "ரெண்டு பாட்டில் தண்ணியும் ஒரு குடையும் எடுத்துக்கோ"ங்கறதுதான் அன்னைக்குத் தேவைப்பட்ட அறிவுரை.

பழைய விமானம்னாலே ஆபத்தா?

நியாயமான கேள்வி. ஆபத்து இல்லைன்னு சொல்ல முடியாது. நாலு பெரிய விபத்துகளைப் பாருங்க. நாலுமே பழைய விமானங்கள்.

2011, அமெரிக்காவின் ரீனோ நகரம். விமானப் பந்தயத்தில் ஒரு பழைய பி-51 கூட்டத்துக்கு மேல விழுந்து விமானியும் 10 பார்வையாளர்களும் இறந்தாங்க. காரணம், வால் பகுதியில் தேய்ஞ்சு லூசான பழைய லாக் நட்டுகள்.

2015, இங்கிலாந்தின் ஷோரம். ஹாக்கர் ஹன்டர் ஜெட் ஒன்னு லூப் அடிக்கும்போது தேவையான வேகமும் உயரமும் இல்லாம, பக்கத்தில் இருந்த நெடுஞ்சாலையில் விழுந்தது. 11 பேர் பலி. விமானத்தில் கோளாறு இல்லை, ஓட்டின விதத்தில்தான் தப்பு.

2019, அமெரிக்காவின் கனெக்டிகட். காசு கொடுத்து பி-17 குண்டுவீச்சு விமானத்தில் சவாரி போனவங்க. இருந்த 13 பேரில் 7 பேர் இறந்தாங்க. விசாரணையில் பராமரிப்புக் குறைகள் வெளியே வந்தது. அதுக்கப்புறம் அந்த அமைப்பு பயணிகளை ஏத்தும் அனுமதியை அரசு ரத்து செஞ்சது.

2022, டல்லாஸ். ஒரு பி-17-உம் ஒரு பி-63-உம் நடுவானில் மோதி 6 பேர் பலி. ரெண்டு விமானமும் ஒன்னோட ஒன்னு குறுக்கே வராம இருக்க முன்கூட்டியே சரியான திட்டம் போடலை.

கவனிச்சீங்களா? ஒரு இடத்தில் நட்டு, ஒரு இடத்தில் ஓட்டின விதம், ஒரு இடத்தில் பராமரிப்பு, ஒரு இடத்தில் திட்டமிடல். வயசு மட்டும் காரணம் இல்லை. ஒழுங்கா சர்வீஸ் பண்ணின 15 வருஷ பைக்கை விட, டயர் வழுவழுன்னு ஆன 4 வருஷ பைக் ஆபத்து. அதே கதைதான்.

டல்லாஸில் தரையில் நின்ன யாருக்கும் உயிர் போகலைங்கறதையும் பாருங்க. அதுக்குப் பின்னாடி 70 வருஷப் பாடம் இருக்கு. 1952-ல் இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் ஒரு போர் விமானம் காத்திலேயே உடைஞ்சு, துண்டுகள் கூட்டத்தில் விழுந்து 31 பேர் இறந்தாங்க. அதிலிருந்துதான் கூட்டத்துக்கு மேல பறக்கக் கூடாது, இத்தனை மீட்டர் தள்ளித்தான் வித்தை காட்டணும், இந்த உயரத்துக்குக் கீழ வரக்கூடாதுன்னு விதிகள் இறுக ஆரம்பிச்சது. 1988-ல் ஜெர்மனியின் ராம்ஸ்டைனில் 70 பேர், 2002-ல் உக்ரைனின் ஸ்க்னிலிவில் 77 பேர் இறந்தது, இந்த இடைவெளி எவ்வளவு முக்கியம்னு திரும்பத் திரும்பக் காட்டினது.

நம்ம பக்கத்து எலஹங்காவிலும் நடந்திருக்கு. 2019 பிப்ரவரி 19, ஒத்திகையில் ரெண்டு சூர்யகிரண் ஹாக் விமானங்கள் மோதி, விங் கமாண்டர் சாஹில் காந்தி உயிரிழந்தார்.

ஆக, விமானிகளுக்கு ரிஸ்க் நிஜமாவே அதிகம். டிக்கெட் எடுத்து கோட்டுக்குப் பின்னாடி நிக்கிறவங்களுக்கு அது நாம நினைக்கிறதை விட ரொம்பக் குறைவு.

அப்போ ஏன் பயம் மேல மட்டும் போகுது?

சான்சி ஸ்டார்னு ஒரு அமெரிக்கப் பொறியாளர் 1969-லேயே இதை ஆராய்ஞ்சார். நாமளா விரும்பி எடுக்கிற ரிஸ்க்கா இருந்தா, நம்ம மேல மத்தவங்க திணிக்கிற ரிஸ்க்கை விட ஏறக்குறைய 1000 மடங்கு அதிகமா இருந்தாலும் ஏத்துக்கறோம்னு சொன்னார். அவருக்கு அப்புறம் பால் ஸ்லோவிக் போன்ற உளவியலாளர்கள், ஒரே நேரத்தில் நிறைய பேரைக் கொல்றது, நம்ம கட்டுப்பாட்டில் இல்லாதது, கண்ணுல நிக்கிற மாதிரி பயங்கரமா இருக்கறது, இதுக்கெல்லாம் மனசு அதிக மார்க் போடுதுன்னு காட்டினாங்க.

விமானம் விழறதுக்கு இந்த மூணு மார்க்கும் கிடைக்குது. வீடியோ வருது, வாட்ஸ்அப்ல சுத்துது. பைக் விபத்துக்கு? ஹேண்டில் நம்ம கையில இருக்கு, அதனால கட்டுப்பாடும் நம்ம கையில இருக்கற மாதிரி ஒரு நினைப்பு.

கணக்கு வேற சொல்லுது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022 அறிக்கைப்படி இந்தியாவில் சாலை விபத்தில் இறந்தவங்க 1,68,491 பேர். ஒரு நாளைக்கு சுமார் 462 பேர். தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர், ஒரு நாளைக்கு 49. நாடு முழுக்க இறந்தவங்களில் 44 சதவீதத்துக்கு மேல டூ வீலரில் போனவங்க. ஹெல்மெட் போடாம இறந்தவங்க மட்டும் 50,029 பேர்.

ராம்ஸ்டைனில் இறந்த 70 பேரை உலகம் 35 வருஷத்துக்கு மேல ஞாபகம் வச்சிருக்கு. தமிழ்நாட்டு ரோட்டில் ஒன்றரை நாளில் அந்த எண்ணிக்கை வந்துடுது.

தொப்பூர் சொல்ற பாடம்

தர்மபுரிக்காரங்களுக்கு இதை விளக்கவே வேணாம். சேலம் போற வழியில் தொப்பூர் கணவாய். 2024 ஜனவரியில் லாரிகளும் கார்களும் அடுத்தடுத்து மோதி 4 பேர் இறந்த சிசிடிவி காட்சியைப் பார்க்காதவங்க கிடையாது. அதுக்கு முன்னாடி 2020 டிசம்பரிலும் அதே மாதிரி ஒரு தொடர் மோதல்.

அங்கே அடிக்கடி சொல்லப்படற ஒரு காரணம் என்ன தெரியுமா? இறக்கத்தில் டீசல் மிச்சம் பிடிக்க வண்டியை நியூட்ரலில் விடறது. கியரில் இருந்தா எஞ்சினே வண்டியைக் கொஞ்சம் பிடிச்சு வைக்கும். நியூட்ரலில் விட்டா முழு பாரமும் பிரேக் மேல. பிரேக் சூடாகி, ஒரு கட்டத்தில் பிடிக்காது.

சில லிட்டர் டீசல் மிச்சம். நூறு தடவை மிச்சம் ஆகும், நூத்தியொன்னாவது தடவை முன்னாடி போற காரில் இருக்கற குடும்பம் அதுக்கு விலை கொடுக்கும்.

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயம் ஞாபகம் வச்சுக்கணும்னா இதை வச்சுக்கோங்க: ரிஸ்க் எடுக்கறவர் ஒருத்தர், அதுக்கு விலை கொடுக்கறவர் இன்னொருத்தர்.

ஷோரம் விபத்தில் இறந்த 11 பேரில் ஒருத்தர்கூட ஷோவுக்குள்ள டிக்கெட் வாங்கி உட்கார்ந்தவர் இல்லை. எல்லாரும் வெளியே, ரோட்டிலும் ரோட்டோரத்திலும் இருந்தவங்க. விமானி உயிர் பிழைச்சார். 1952-ல் ஃபார்ன்பரோவில் 31 பேர் இறந்த அன்னைக்கே ஷோ தொடர்ந்தது, மறுநாளும் ஜனங்க வந்தாங்க. 63 வருஷம் கழிச்சு அதே நாட்டில், ஷோரம் ஏர் ஷோ அந்த விபத்தோட நின்னே போச்சு. பழைய ஜெட்டுகள் தரைக்கு மேல வித்தை காட்டவும் தடை போட்டாங்க. 'தெரிஞ்சே வந்தோம்'னு சொல்லக்கூடியவங்க ஒரு பக்கம். 'நாங்க கேட்கவே இல்லையே'ன்னு நிக்கிறவங்க இன்னொரு பக்கம். ரெண்டாவது கூட்டத்துக்கு நாம பதில் சொல்லியே ஆகணும்.

உங்க வீட்டில் அந்த ரெண்டாவது கூட்டம் யாரு?

ஹெல்மெட்டை டேங்க் மேல வச்சு ஓட்டறது நீங்க. இன்சூரன்ஸ் ரினியூவலைத் தள்ளிப் போடறது நீங்க. எஃப் அண்ட் ஓ-வில் சம்பளத்தைப் போடறதும் நீங்கதான். பாலக்கோட்டிலோ அரூரிலோ இருக்கற அம்மா, அப்பா, கல்யாணம் ஆகியிருந்தா மனைவி, குழந்தை, இவங்க யாரும் அந்த முடிவுல கையெழுத்துப் போடலை. பில் மட்டும் அவங்களுக்குப் போகும்.

எஃப் அண்ட் ஓ-ன்னு சொன்னதால ஒரு தகவல். செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வுப்படி, முந்தைய மூணு நிதியாண்டுகளில் தனிநபர் டிரேடர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல. 30 வயசுக்குக் கீழ் இருக்கறவங்க பங்கு ஒரே வருஷத்தில் 31-லிருந்து 43 சதவீதமா ஏறியிருக்கு. பெரிய 30 நகரங்களுக்கு வெளியே இருக்கறவங்கதான் 72 சதவீதம். அதாவது நம்மள மாதிரி ஊர்க்காரங்க. விமானத்தில் ஏற பயப்படற ஆளு, 93 சதவீதம் பேர் விழற வண்டியில் தினமும் காலை 9.15-க்கு ஏறி உட்கார்றார்.

எந்தப் பாலிசி எதுக்குப் பணம் தரும்?

ஏர் ஷோவுக்குப் போன அதே நாளை வச்சே பார்ப்போம். நாலு சூழ்நிலை.

ஒன்னு, வெயிலில் இறப்பு. "விபத்து காப்பீடு இருக்கே, போதாதா?"ன்னு கேட்பீங்க. பீகாரில் தேர்தல் பணியில் வெயில் தாக்கி இறந்த ஒரு காவலரின் வழக்கில், 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்த விபத்து பாலிசியில் இதுக்கு இழப்பீடு வராதுன்னு தீர்ப்பு சொன்னது. வெளியிலிருந்து, கண்ணுக்குத் தெரியும்படி நடந்த விபத்தால் மட்டுமே இறந்திருக்கணும்ங்கறது பாலிசியின் வாசகம். வெயில் அதில் அடங்கலை. ஆயுள் காப்பீடு இருந்தா இந்தச் சிக்கலே இல்லை. டேர்ம் பாலிசியும் பி.எம்.ஜே.ஜே.பி.ஒய்-உம் இயற்கை மரணம், விபத்து ரெண்டுக்கும் பணம் தரும்.

ரெண்டு, பார்க்கிங்கில் தீ. 2019 பிப்ரவரி 23, ஏரோ இந்தியா பார்க்கிங்கில் காய்ஞ்ச புல்லில் பரவின தீயில் சுமார் 300 கார்கள் எரிஞ்சு போச்சு. உயிரிழப்பு இல்லை. ஆனா தேர்ட் பார்ட்டி மட்டும் போட்டிருந்தா அந்தக் காருக்கு ஒரு ரூபாய் வராது. நாம 'ஃபுல் இன்சூரன்ஸ்'னு சொல்ற பாலிசியில் இருக்கற ஓன் டேமேஜ் பகுதிதான் தீக்குப் பணம் தரும். கார் எரிஞ்சாலும் இஎம்ஐ எரியாது, அது மாசாமாசம் வந்துக்கிட்டே இருக்கும்.

மூணு, ஓசூர் ரோட்டில் பைக் விபத்து. ஓனரே ஓட்டினா, 15 லட்சம் ரூபாய் கட்டாய தனிநபர் விபத்து கவர் இருக்கு. இதில் நம்ம ஊரில் நிறைய பேர் கவனிக்காத ஓட்டை ஒன்னு உண்டு. ஆர்.சி. புக்கில் பேர் இருக்கற ஓனர், செல்லுபடியாகும் லைசென்ஸோட ஓட்டினாத்தான் அது. அப்பா பேரில் இருக்கற பைக்கை நீங்க ஓட்டினா, அந்த 15 லட்சம் உங்களுக்குக் கிடையாது. பின்னாடி உட்கார்ற நண்பருக்கும் வெறும் தேர்ட் பார்ட்டி பாலிசியில் கவர் இல்லை.

நாலு, பழைய விமானத்தில் ஜாலி ரைடு. வெளிநாட்டுல வேலை பார்க்கற நண்பர்கள் இதைக் கவனிங்க. பல விபத்து பாலிசிகளில், முறையான உரிமம் உள்ள வழக்கமான ரக விமானத்தில் பயணியாப் போனா மட்டும்தான் கவர்னு ஒரு வரி இருக்கும். ஏறுறதுக்கு முன்னாடி உங்க பாலிசியில் அந்த வரியைப் படிங்க.

செக் லிஸ்ட்: இந்த வாரமே முடிங்க

1. பி.எம்.எஸ்.பி.ஒய்: வருஷம் ₹20, விபத்து மரணத்துக்கு 2 லட்சம். பி.எம்.ஜே.ஜே.பி.ஒய்: வருஷம் ₹436, எந்தக் காரணத்தால் இறந்தாலும் 2 லட்சம். சேர்ந்த முதல் 30 நாளில் விபத்து மரணத்துக்கு மட்டும். ரெண்டும் சேர்த்து ₹456. பேங்க் ஆப்பிலேயே போடலாம். மே மாசக் கடைசியில் அக்கவுண்டில் பேலன்ஸ் வைங்க, இல்லேன்னா ரினியூ ஆகாது.

2. இதோட நிறுத்தாதீங்க. வீட்டுச் செலவு மாசம் ₹20,000-ன்னா, 2 லட்சம் 10 மாசத்தில் தீரும். மெரினாவில் இறந்தவங்க குடும்பத்துக்கு அரசு அறிவிச்ச 5 லட்சம் 25 மாசம் வரும். 15 லட்சம்கூட 6 வருஷம் சொச்சம்தான். ₹35,000 சம்பளம் வாங்கறவருக்கு வருஷ வருமானம் 4.2 லட்சம். பொதுவா சொல்ற 10 முதல் 15 மடங்குன்னு பார்த்தா 42 முதல் 63 லட்சத்துக்கு டேர்ம் கவர் வேணும். தனிநபர் ஆயுள், ஹெல்த் பாலிசிகளுக்கு 2025 செப்டம்பர் 22-லிருந்து ஜிஎஸ்டி இல்லை.

3. டேர்ம் பாலிசி இறந்தாத்தான் பணம் தரும். கால் உடைஞ்சு ஆறு மாசம் வேலைக்குப் போக முடியலைன்னா தராது. அதுக்கு ஊனம், தற்காலிக வருமான இழப்பு ரெண்டையும் கவர் பண்ற தனி விபத்து பாலிசி எடுங்க. சொந்த பைக் இல்லாம அப்பா பைக் ஓட்டறவங்களுக்கு இது அவசியம்.

4. பி.எஃப் பிடிக்கறாங்கன்னா, இ.டி.எல்.ஐ. மூலம் அதிகபட்சம் 7 லட்சம் வரைக்கும் குடும்பத்துக்குக் கிடைக்கும். உங்க சம்பளத்தில் இதுக்கு எதுவும் பிடிக்கறதில்லை. ஆனா நாமினி பேர் ஏத்தியிருக்கணும். போர்ட்டலில் இ-நாமினேஷன் இன்னைக்கே பாருங்க.

5. வண்டி பாலிசியை எடுத்து மூணே விஷயம் பாருங்க: எப்போ முடியுது, ஓன் டேமேஜ் இருக்கா, ஓனர்-டிரைவர் கவர் இருக்கா.

6. தமிழ்நாட்டுக்குள்ள விபத்துன்னா 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம். அத்திப்பள்ளி தாண்டினா கர்நாடகா. அங்கே 2025-ல் வந்த மத்திய அரசுத் திட்டம் இருக்கு: 7 நாள் வரைக்கும் ₹1.5 லட்சம் வரை கேஷ்லெஸ். அதுக்கு மேல உங்க ஹெல்த் பாலிசிதான்.

7. ஹெல்மெட், தண்ணி, தொப்பி. இதுக்குப் பிரீமியம் ரொம்பக் கம்மி.

ஏர் ஷோ பார்க்காதீங்கன்னு சொல்லவே இல்லை. அடுத்த தடவை டகோட்டா பறந்தா கண்டிப்பா போய்ப் பாருங்க. 80 வயசு விமானம் பறக்கறது ஒரு அதிசயம், அதுக்குப் பின்னாடி எத்தனையோ மெக்கானிக்குகள் ஒவ்வொரு நட்டா சரிபார்க்கற உழைப்பு இருக்கு. அந்தச் சரிபார்ப்பில் பத்தில் ஒரு பங்கை நம்ம வண்டிக்கும் நம்ம பாலிசிக்கும் செஞ்சா போதும்.

இன்னைக்கு ராத்திரி சாப்பிட்டதும் வீட்டில் ஒருத்தர்கிட்ட மட்டும் உட்கார்ந்து, உங்க பாலிசி பேப்பர் எங்கே இருக்கு, நாமினி யாரு, ஆஃபீஸில் யாரைக் கேட்கணும்னு சொல்லி வைங்க. விலை கொடுக்க வேண்டி வந்தா கொடுக்கப் போறது அவங்கதான். தெரிஞ்சுக்கற உரிமை அவங்களுக்கு இருக்கு.

டேர்ம் பாலிசியையும் விபத்து பாலிசியையும் எப்படி ஒப்பிட்டுப் பார்த்து எடுக்கறதுன்னு அடுத்த வீடியோவில் விரிவா பார்ப்போம். பத்திரமா போயிட்டு வாங்க.